முழு வலி பிறந்த கதை

கோவை–சத்தி ரோடும் அவிநாசி–மேட்டுப்பாளையம் ரோடும் அன்னூரில் வெட்டிக்கொள்கின்றன. பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஊர் என்பது அந்தச் சந்திப்பும் கடைவீதியும் மன்னீஸ்வரர் கோயிலும்தான். ஆனால் அன்னூர் ஒன்றியத்து ஜனங்களில் பலர் ரோட்டோரத்தில் இல்லை, தோட்டத்துச் சாளைகளில் இருக்கிறார்கள். வண்டித்தடத்தில் இறங்கி வேலியோரமாகவே போனால் ஒரு ஓட்டு வீடு, ஒரு கட்டுத்தரை, குரைக்கிற நாய். அந்த வீட்டு ஆசாரத்தில் ஒருவர் ஆறு மாதமாகப் படுத்த படுக்கையாக இருந்தாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வண்டி போகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்றுதான் அதைப் பலருக்குத் தெரியும். அதற்குள்ளேயே நோய் ஆதரவுச் சிகிச்சை என்று இன்னொரு பகுதி இருக்கிறது. அதற்கென்று வட்டார அளவில் தனியாக ஒரு செவிலியர். புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், முதுகெலும்பு முறிந்தவர்கள் என்று இனி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர்களைப் பார்ப்பது அவர் வேலை.

அவர் மூத்திர டியூபை மாற்றுவார், படுக்கைப்புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்வார். அது எந்த நர்ஸம்மாவும் செய்வதுதான். நோய் ஆதரவுச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் கேட்கிற கேள்விகள்தான் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். ராத்திரி தூக்கம் பிடிக்கிறதா? பக்கத்தில் யார் படுக்கிறார்கள்? சாப்பாடு கொடுப்பது மருமகளா, மகளா? கோயிலுக்குப் போய் எத்தனை நாளாகிறது? மனசில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது? வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது மரியாதைக்காகக் கேட்கிற விசாரிப்பு மாதிரி தெரியும். அவர் பி.பி. பார்ப்பது எப்படி ஒரு பரிசோதனையோ அப்படித்தான் இதுவும். இந்தக் கேள்விகளுக்கு ஒரு பிறந்த ஊரும் பிறந்த காலமும் உண்டு.

தாய்வழியைப் பார்த்தால் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலில் தொடங்க வேண்டும். கையில் விளக்கோடு நிற்கிற படத்தை எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் மாட்டியிருக்கிறோம். 1859இல் அவர் எழுதி வெளிவந்த ‘நர்சிங் குறிப்புகள்’ என்ற சின்னப் புத்தகத்தைப் படித்தவர்கள்தான் குறைவு. காற்று, வெளிச்சம், வெந்நீர், துப்புரவு எல்லாம் அதில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது வேறு இடம். நோயாளியிடம் பேசும்போது அவர் கழுத்தைத் திருப்பாமல் உங்களைப் பார்க்கிற மாதிரி எதிரே உட்காருங்கள் என்கிறார். கதவுக்கு வெளியே நின்று கிசுகிசுக்காதீர்கள் என்கிறார். பார்க்க வருகிறவர்கள் அள்ளிவிடுகிற வெற்று ஆறுதலையும் ஓசி யோசனையையும் திட்டுவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து, “எங்க சித்தப்பனுக்கும் இதேதானுங்க, ஒரு நாட்டு வைத்தியர் ஒரே வாரத்துல சரிபண்ணிப்போட்டாரு” என்று தொடங்குகிற நம் ஊர் உறவினரை அந்த அம்மையார் லண்டனில் உட்கார்ந்துகொண்டே பார்த்திருக்கிறார்.

நோயைப் பார்ப்பது ஒன்று, நோயோடு கிடக்கிற ஆளைப் பார்ப்பது இன்னொன்று என்ற பிரிவை நைட்டிங்கேல் கோடு போட்டுக் காட்டினார். ஆனாலும் வலி என்பது அதற்குப் பின் நூறு வருஷம் உடம்பின் சமாச்சாரமாகவே இருந்தது. குத்துகிறதா, எரிகிறதா, எங்கே, எவ்வளவு நேரமாக? ஊசி போடு, முடிந்தது.

அதை மாற்றிய சிசிலி சாண்டர்ஸ் 1918இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் அரசியலும் பொருளாதாரமும் படித்துக்கொண்டிருந்தவர், யுத்தம் வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சிங் சேர்ந்தார். நைட்டிங்கேல் தொடங்கிய அதே பள்ளி. முதுகு வலி அவரை அந்த வேலையில் நிலைக்கவிடவில்லை. நோயாளியைத் தூக்கிப் புரட்ட முடியாத நர்ஸை வார்டில் வைத்துக்கொள்ள முடியாதல்லவா. விட்ட படிப்பை முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் சமூக நலப் பணியாளராகத் திரும்பி வந்தார். நோயாளியின் குடும்பம் என்ன, வருமானம் என்ன, டிஸ்சார்ஜ் ஆனால் எங்கே போவார் என்று பார்க்கிற வேலை.

அங்கேதான் டேவிட் டாஸ்மாவைச் சந்தித்தார். போலந்திலிருந்து வந்த யூதர், ஓட்டலில் பரிமாறுகிறவர், வயது நாற்பது, புற்றுநோய். லண்டனில் அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. சாண்டர்ஸ் அவரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். இப்படிச் சாகிறவர்கள் வலியில்லாமல், யாரோ ஒருவர் பக்கத்திலிருக்கச் சாக ஓர் இடம் வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். 1948 பிப்ரவரியில் டாஸ்மா இறந்தார். தன்னிடமிருந்த 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு எழுதி வைத்திருந்தார். அந்த வீட்டில் தான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லியும் இருந்தார். வீடு எழும்ப 19 வருஷம் ஆனது.

இடையில் நடந்தது பெரிய சுற்று. செயின்ட் லூக்ஸ் என்ற, சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான ஆஸ்பத்திரியில் சாண்டர்ஸ் சாயங்கால வேளைகளில் சும்மா போய் வேலை செய்தார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது: மார்ஃபின் மருந்தை நோயாளி அலறும்வரை காத்திருக்காமல், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழியாகக் கொடுத்துவிடுவது. மற்ற ஆஸ்பத்திரிகளில் வலி வந்த பிறகு ஊசி. இங்கே வலி வருவதற்கு முன்னால் மருந்து. இதை வார்டு நர்ஸுகள் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்கள், ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் எழுதாமல். சாண்டர்ஸ் அதைக் கண்ணால் பார்த்தார், உலகத்துக்குச் சொல்ல நினைத்தார். அவரோடு வேலை பார்த்த நார்மன் பாரெட் என்ற சர்ஜன், நர்ஸ் சொன்னால் கேட்கமாட்டார்கள், போய் டாக்டருக்குப் படி என்றார். சாகிறவர்களைக் கைவிடுகிறவர்கள் டாக்டர்கள்தான் என்றும் அவரே சொன்னாராம். 33 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1957இல் டாக்டராகி வெளியே வந்தார் சாண்டர்ஸ். நர்ஸுகளுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சபை ஏற்றுவதற்கு ஒரு நர்ஸ் டாக்டர் பட்டம் வாங்க வேண்டியிருந்தது. இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற இடம் இதுதான்.

1958இலிருந்து ஹாக்னியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் வேலை. அங்கே சாண்டர்ஸ் நோயாளிகளின் பேச்சை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் ஒரு பக்கம் இருக்கட்டும், நோயாளி தன் வாயால் சொல்வதே ஆதாரம் என்று எடுத்துக்கொண்டார். ஒரு பெண்மணியிடம் உங்கள் வலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார். அந்த அம்மாள் முதுகில் ஆரம்பித்தது என்று தொடங்கி, இப்போது நான் மொத்தமுமே கெட்டுப்போன மாதிரி இருக்கிறது என்றார். அதோடு விடவில்லை. வீட்டுக்காரரும் மகனும் தங்கமானவர்கள், ஆனால் என்னைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டால் சம்பளம் போகும் என்றார். மாத்திரைக்கும் ஊசிக்கும் அழத் தோன்றியது, அழக்கூடாது என்றும் தெரிந்திருந்தது; யாருக்குமே என்னைப் புரியவில்லை என்று இருந்தது; இங்கே வந்தபிறகு மறுபடி பயமில்லாமல் இருக்கிறது என்று முடித்தார்.

கேட்டது ஒரு கேள்வி. பதிலில் முதுகு இருக்கிறது, பயம் இருக்கிறது, வீட்டின் வருமானம் இருக்கிறது, தன்னைப் புரிந்துகொள்ள ஆளில்லாத தனிமை இருக்கிறது. இத்தனையையும் அந்த அம்மாள் வலி என்ற ஒரே கணக்கில்தான் எழுதினார். 1964 வாக்கில் சாண்டர்ஸ் இதற்கு ‘முழு வலி’ என்று பெயர் வைத்தார். உடல், மனம், குடும்பமும் காசும், ஆன்மா என்று நாலு பக்கம் அதற்கு. ஒரு பக்கத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அந்த ஒன்றையும் ஏற்றிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. நர்ஸ், சமூகப் பணியாளர், டாக்டர் என்று மூன்று நாற்காலியிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருந்ததால்தான் நாலு பக்கமும் கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். 1967இல் தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் திறந்தது. டாஸ்மாவின் ஜன்னலும் அங்கே இருக்கிறது. இரண்டு வருஷத்தில் அங்கிருந்து செவிலியர்கள் வீடுகளுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள்.

நம் நர்சிங் கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பது பெரும்பாலும் சாண்டர்ஸை அல்ல, ஜீன் வாட்சனை. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் வகுப்புக்காக எழுதிய குறிப்புகளை வளர்த்து 1979இல் அவர் போட்ட புத்தகம்தான் பரிவு பற்றிய கோட்பாட்டின் தொடக்கம். பத்து அம்சங்கள் சொல்கிறார்: நம்பிக்கையை ஊட்டுவது, நம்பி மனம்விடும்படியான உறவை உண்டாக்குவது, நோயாளியின் கோபத்தையும் அழுகையையும் தடுக்காமல் கேட்டுக்கொள்வது, சுற்றுச்சூழலை இதமாக்குவது என்று பட்டியல் போகும். செவிலியரும் நோயாளியும் இரண்டு மனிதர்களாகச் சந்தித்துக்கொள்கிற அந்தக் கணத்துக்கே குணப்படுத்தும் சக்தி உண்டு என்பது மையக் கருத்து. 1997இல் ஒரு விபத்தில் வாட்சனின் இடது கண் போயிற்று. அடுத்த வருஷம் கணவர் இறந்தார். தான் எழுதிய கோட்பாட்டைப் படுக்கையில் கிடந்து படிக்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது.

பத்தையும் மனப்பாடம் செய்து எழுதுகிற மாணவிக்கு மார்க் விழும். ஆனால் அறுபது கட்டில் வார்டில் இரண்டே பேர் நைட் டியூட்டி பார்க்கும்போது எந்தக் கணத்தைத் தேடுவது என்று அவள் கேட்டால் அதற்கு வாட்சனிடம் பதில் இல்லை. சாண்டர்ஸின் யோசனை கட்டிலோரத்தில் நோயாளி வாயிலிருந்து வந்தது, வாட்சனுடையது வகுப்பறையில் வளர்ந்தது; அந்த வித்தியாசம் இப்படி ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும். வாட்சனின் பத்து அம்சங்களுக்கு உயிர் வருவது, செவிலியருக்கு ஒரு வீட்டில் அரை மணி நேரம் உட்கார அனுமதி இருக்கும்போதுதான்.

அந்த அனுமதி நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால் என்று ஒரு மயக்க மருந்து நிபுணர். நரம்பில் ஊசி போட்டு வலியை மரத்துப்போகச் செய்வதில் கெட்டிக்காரர். ஒருநாள் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியரை அனுப்பினார்கள். தாங்கமுடியாத வலி. ராஜகோபால் ஊசி போட்டார், வலி நின்றது. அவருக்குத் தன் திறமையில் திருப்தி. மறுபடி எப்போது வரவேண்டும் என்று அந்த ஆசிரியர் கேட்டார். வலி திரும்பினால் ஒழிய வரவேண்டியதில்லை என்று பதில் சொல்லி அனுப்பினார். வீட்டுக்குப் போன அந்த மனிதர் உயிரை மாய்த்துக்கொண்டார். தனக்கு இனி வைத்தியமே கிடையாது என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்திருக்கிறது, அதுவும் யாரும் உட்கார்ந்து சொல்லாமல். தான் ஒரு நரம்பு நுனிக்கு மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டதாக ராஜகோபால் இந்தக் கதையைப் பொதுமேடைகளிலேயே சொல்லி வருகிறார்.

1990களின் தொடக்கத்தில் கில்லி பர்ன் என்ற ஆங்கிலேயச் செவிலியர் இந்தியாவில் ஊர் ஊராகப் போய் வலி நிவாரணம் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ராஜகோபாலை இந்தப் பாதைக்குத் திருப்பியதில் அவருக்குப் பங்கு உண்டு. இங்கேயும் ஒரு நர்ஸ்தான், பாருங்கள். 1993இல் ராஜகோபாலும் சக மருத்துவர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் கோழிக்கோட்டில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிற்பாடு மலப்புறம் பக்கம் அது ஊர்க்காரர்கள் கைக்குப் போனது. ஆட்டோ ஓட்டுகிறவரும் வாத்தியாரும் கடைக்காரரும் பயிற்சி எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் படுக்கை நோயாளிகளைப் பார்த்தார்கள். செவிலியர் அந்த வலையின் நடுவில் இருந்தார். 2008இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகள் வழியாக வீட்டுக்குச் செவிலியரை அனுப்பியது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது மார்ஃபின் மட்டும் கிடைக்கவில்லை. அதை எடுக்கிற அபின் சட்டப்படி விளைகிற நாடு இது, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கத் தொழிற்சாலைகளே இருக்கின்றன. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளும் கடைகளும் மார்ஃபினைத் தொடுவதையே விட்டுவிட்டன. மருத்துவத்துக்கு இந்த நாடு பயன்படுத்திய மார்ஃபின் 97 சதவீதம் சரிந்து 1997இல் வெறும் 18 கிலோவில் வந்து நின்றது. அத்தனை கோடி ஜனத்துக்கு 18 கிலோ. கள்ளக் கடத்தல்காரனைப் பிடிக்க விரித்த வலையில் புற்றுநோய்க்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். ராஜகோபாலும் மற்றவர்களும் இருபது வருஷம் போராடியபின் 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது வீட்டுக்குப் போகிற பழக்கம் புதிதில்லை. கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் பல காலமாகத் தடம் தடமாகப் போய்க்கொண்டிருந்தவர்தான். பிறக்கிறவர்களுக்காகப் போன கால்கள் இப்போது படுத்தவர்களுக்காகவும் போகின்றன.

அன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனையாகவே வைத்துக்கொள்வோம். இந்த மாதிரி வீடு இல்லாத ஒன்றியம் கிடையாது. எழுபது வயது ஆத்தா. வெற்றிலையோடு புகையிலை போட்டுப் போட்டு வாயில் புற்று, கன்னத்தில் புண் வெளியே திறந்துவிட்டது. மகன் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு வேலை, ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் கூலி போயிற்று. ஹாக்னி அம்மாளின் வீட்டுக்கும் இதற்கும் நடுவில் அறுபது வருஷமும் ஒரு கடலும் இருக்கின்றன, கணக்கு அதேதான்.

வலி எப்படி என்று கேட்டால் ஆத்தா, “அது கெடக்குது கண்ணு” என்கிறார். செவிலியர் விடாமல் கேட்கிறார். “ராத்திரி பக்கத்துல ஆருங்க ஆத்தா படுக்கறாங்க?” ஆருமில்லை. பேத்தி முன்பெல்லாம் கட்டிலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், இப்போது வாசலோடு போய்விடுகிறாள். காரணம் நாற்றம். அந்தப் புண்ணிலிருந்து வரும் வாடை வீட்டையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆத்தாவுக்குத் தெரியும், சேலைத் தலைப்பால் கன்னத்தை மூடியே பேசுகிறார்.

செவிலியர் பையிலிருந்து மெட்ரோநிடசோல் மாத்திரைகளை எடுக்கிறார். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற அதே மலிவான மாத்திரை. காகிதத்தில் மடித்து டம்ளர் அடியால் நசுக்கிப் பொடியாக்குகிறார். புண்ணை உப்புநீரில் கழுவி, ஒட்டிக்கொண்டிருந்த பழைய காஸை நனைத்து நனைத்து எடுத்து, பொடியைத் தூவிப் புதுக் காஸ் வைத்து மூடுகிறார். காற்றில்லாத சதைக்குள் வளர்கிற கிருமிகளிலிருந்துதான் வாடை கிளம்புகிறது, இந்தப் பொடி அவற்றைக் கொல்லும். மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கையாலும் ஒருமுறை செய்யச் சொல்கிறார். தினமும் செய்தால் சில நாளிலேயே வாடை அடங்கும். பேத்தி நோட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால், ராத்திரி வலி மாத்திரை கேட்பதும் குறையலாம். புற்று அப்படியேதான் இருக்கும்.

கிளம்பும்போது மகன் வண்டிவரை வந்து, தாழ்ந்த குரலில் சொல்கிறார்: “அம்மாளுக்குத் தெரியாதுங்க சிஸ்டர். வாய்ப்புண்ணுன்னுதான் சொல்லி வெச்சிருக்கறோம். நீங்க ஏதும் சொல்லிப்போடாதீங்க.” நம் வீடுகளில் இதைப் பாசம் என்றுதான் நினைத்துச் செய்கிறோம். கோழிக்கோட்டு ஆசிரியருக்கு என்ன ஆனது என்று தெரிந்த செவிலியருக்கு இந்த இடத்தில் கை சும்மா இருக்காது. அதற்காக மகனை மீறிப் போய் உடைத்துச் சொல்வதும் அவர் கற்ற முறை இல்லை. நானாகச் சொல்லமாட்டேன், அவர் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன் என்று மகனிடம் தெளிவாக வைக்கிறார். அடுத்தமுறை டிரஸ்ஸிங் நடக்கும்போது, ஆத்தா கழுத்தைத் திருப்பாமல் பார்க்கிற மாதிரி எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்கிறார்:

“இது என்ன நோவுன்னு நீங்க நெனைக்கறீங்க ஆத்தா?”

“எனக்குத் தெரியாதா கண்ணு? என்ற அக்காளும் இதுலதானே போனா. பையன் சங்கடப்படுவான்னு நான் வாயத் தொறக்கறதில்ல.”

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருப்பது ஒரே விஷயத்தை. ஆத்தாவுக்குச் சொல்லவேண்டியவை நிறைய இருக்கின்றன. மேக்காட்டின் பட்டா இன்னும் அவர் பேரிலேயே இருக்கிறது, சின்ன மகளுக்குத் தோடு தருவதாகச் சொன்ன வாக்கு இருக்கிறது, மறுபடி கோவைக்குக் கொண்டுபோய் டியூப் போட்டுப் படுக்கவைக்க வேண்டாம் என்பதும் இருக்கிறது. மகனிடம் நான் பேசட்டுங்களா என்று செவிலியர் கேட்க, ஆத்தா தலையாட்டுகிறார். மகனுக்கு மில்லில் வார லீவு என்றைக்கு என்று மருமகளிடம் கேட்டு, அடுத்த வருகையை அந்த நாளுக்கு மாற்றி நோட்டில் எழுதிக்கொள்கிறார்.